அரிப்பு நின்ற நாள்

குமரேசனைத் தெரிந்தவர்கள் யாரும் அவனைப் பயந்த ஆள் என்று சொல்லமாட்டார்கள். கல்யாணத்துக்கு முன்னால் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். ஜமுனாமரத்தூரிலிருந்து சாமை மூட்டை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது ஒருமுறை கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடிக்காமல் போய்விட்டது. வண்டியை மலைப்பக்கமாக ஒடித்து, பாறையில் உரசவிட்டு நிறுத்தினான். கிளீனர் கீழே குதித்து வாந்தி எடுத்தான். குமரேசன் முகத்தைக் கழுவிக்கொண்டு, எந்த டயர் போச்சு என்று குனிந்து பார்த்தான். அடி அண்ணாமலை டீக்கடையில் அந்தக் கதையை இன்னும் சொல்கிறார்கள்.

அதே ஆள்தான், மகளின் சட்டைக் கையை மேலே தூக்கி முழங்கை மடிப்பைப் பார்ப்பதற்கு முன் மூச்சைப் பிடித்துக்கொள்கிறான்.

மகள் ஓவியா பிறந்ததும் லாரியை விட்டுவிட்டான். குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்றை எடுத்து, டவுனில் இருக்கிற லாட்ஜுகளுக்கும் ஓட்டல்களுக்கும் தண்ணீர் கேன் போட ஆரம்பித்தான். மலைப்பாதையில் வாரக்கணக்கில் அலைய வேண்டாம், பொழுது சாய்ந்தால் வீட்டில் இருக்கலாம் என்று நினைத்தான். கைக்குழந்தையாக இருந்தபோதே ஓவியாவின் கன்னம் இரண்டும் யாரோ கிள்ளிவிட்ட மாதிரி சிவந்தன. பிறகு சிவப்பின் மேல் பொடிப்பொடியாக எழும்பி, நீர் கசிந்து, பொருக்குத் தட்டியது. பிள்ளை கன்னத்தைத் தலையணையில் தேய்த்துத் தேய்த்து அழுதாள். வெள்ளைத் தலையணை உறையில் ரத்தக் கோடுகள்.

"சூடுதாங்க. தலைக்குத் தண்ணி ஊத்தினா போயிடும்" என்றாள் மனைவி தமிழ்செல்வி.

பக்கத்து வீட்டில் கரப்பான் என்றார்கள். பால் குடுக்கிற தாய் கத்திரிக்காய் சாப்பிடக்கூடாது, கருவாடு கூடாது, வேர்க்கடலை ஆகவே ஆகாது என்றார்கள். தமிழ்செல்வி எல்லாவற்றையும் விட்டாள். ரசமும் சோறுமாகச் சாப்பிட்டு அவள்தான் இளைத்தாள். படை கன்னத்திலிருந்து கழுத்துக்கும், கழுத்திலிருந்து முழங்கால் மடிப்புக்கும் இறங்கியது.

குமரேசனுக்கு முதல் பயம் அப்போதுதான் வந்தது. அதற்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. கிரிவலப் பாதையில் விரல் மழுங்கிய கைகளை நீட்டிக்கொண்டு சிலர் உட்கார்ந்திருப்பார்கள். தினமும் அவர்களைத் தாண்டித்தான் வண்டி ஓட்டுவான். கையில் இருக்கிற சில்லறையைப் போடுவான், சிரித்துப் பேசுவான். அந்த வாரம் அவனால் அவர்களைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

மெடிக்கல் ஷாப் ஒன்றில் சொல்லி ஒரு ட்யூப் வாங்கி வந்தான். தடவிய மறுநாளே கன்னம் பளிச்சென்று ஆகிவிட்டது. தமிழ்செல்வி பிள்ளைக்கு மை வைத்து, போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினாள். ட்யூபை நிறுத்திய வாரத்திலேயே படை திரும்பி வந்தது. மறுபடி தடவினார்கள், மறுபடி போயிற்று. ஒவ்வொரு தடவையும் சீக்கிரமாக வந்தது, வந்தபோது முன்னைவிட ஜாஸ்தியாக வந்தது. கன்னத்துத் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து உள்ளே ரத்த நாளம் தெரிந்தபோதுதான் அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினான்.

தோல் பிரிவில் ஹைமவதி என்று ஒரு டாக்டர். நடுத்தர வயசு, மூக்குக் கண்ணாடி, தாழ்ந்த குரல். பிள்ளையின் கன்னத்தை வெறும் விரலால் தடவிப் பார்த்தார். அந்த விரல் தயங்காமல் போனதைப் பார்த்ததுமே குமரேசனுக்குப் பாதி உயிர் வந்தது.

"மேடம், இது... அது இல்லையே?"

அவர் புரிந்துகொண்டார். "குஷ்டம் இல்ல. எக்ஸிமா. ஊர்ல கரப்பான்னு சொல்வாங்க. ஒட்டுவாரொட்டியும் இல்ல. இவ தோல்ல ஈரம் நிக்க மாட்டேங்குது, அதான் சின்ன விஷயத்துக்கெல்லாம் கோவிச்சுக்குது."

"எத்தனை நாள்ல போகும்?"

"இந்தத் தடவை வந்ததைக் கேக்கறீங்களா, மொத்தமா கேக்கறீங்களா?"

குமரேசன் விழித்தான். இரண்டும் வேறு வேறு என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

"இந்தத் தடவை வந்தது, ஒழுங்கா பார்த்துக்கிட்டா ரெண்டு வாரம், மிஞ்சிப்போனா மூணு. கண்டதையும் தடவினா மாசக்கணக்குல இழுக்கும். மொத்தமா எப்போ போகும்னு கேட்டா, என்னால தேதி சொல்ல முடியாதுங்க. வரும், போகும். நெறைய கொழந்தைங்களுக்கு வளர வளர கம்மியாயிடும். சிலருக்கு ஆகாது."

பிறகு அவர் சொன்னதெல்லாம் மந்திரம் தந்திரம் இல்லை. வெதுவெதுப்பான தண்ணியில் சட்டென்று குளிப்பாட்டி எடுக்க வேண்டும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் உடம்பு முழுக்க க்ரீம் பூச வேண்டும்; படை இருந்தாலும் பூச வேண்டும், இல்லாவிட்டாலும் பூச வேண்டும். மருந்து ட்யூப் சிவந்த இடத்தில் மட்டும், மெல்லிசாக, அவர் சொன்ன நாள் வரை. நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். பருத்தித் துணி.

"ஆறினமாதிரி தெரிஞ்சதும் நீங்களா மருந்தை நிறுத்தாதீங்க. பயந்துக்கிட்டு நீங்களா நீட்டவும் நீட்டாதீங்க" என்றார். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "ஜுரம் வந்தாலோ, சீழ் கட்டினாலோ, எப்பவும் இருக்கற மாதிரி இல்லாம வேற மாதிரி இருந்தாலோ, அன்னிக்கே கொண்டாங்க. நாளைக்குப் பார்க்கலாம்னு இருக்காதீங்க."

அந்தத் தடவை வந்தது அவர் சொன்ன மாதிரியே மூன்றாவது வாரத்தில் அடங்கியது. ஆனால் குமரேசனின் பயம் அடங்கவில்லை. படை இருக்கும்போது எப்போது போகும் என்று பயந்தான். போனபிறகு எப்போது வரும் என்று பயந்தான். இரண்டாவதுதான் மோசம். தோல் நன்றாக இருக்கிற நாட்களில்தான் அவன் பிள்ளையை அதிகமாக உற்றுப் பார்த்தான்.

வருஷங்கள் போகப்போக அந்தப் படையின் நடமாட்டம் அவனுக்கு அத்துப்படியானது. முதலில் ஓவியா காரணமில்லாமல் சிணுங்குவாள். அடுத்த நாள் முழங்கை மடிப்பில் கொசு கடித்த மாதிரி நாலு புள்ளி. பிறகு அரிப்பு. பள்ளியிலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றாமல் சுவர் ஓரத்தில் முதுகைத் தேய்ப்பாள். அப்போதே மருந்தை ஆரம்பித்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் அடங்கிவிடும். வெறும் வேர்க்குரு என்று விட்டால் நீர் கோத்து, பொருக்குத் தட்டி, மாசம் ஒன்றைத் தின்றுவிடும். கடைசியில் தோல் கறுத்து, சொரசொரவென்று எருமைத் தோல் மாதிரி நிற்கும். கறுப்பு மட்டும் போக இன்னும் நாளாகும். அக்னி நட்சத்திரத்து வேர்வைக்கு ஒருதடவை, கார்த்திகை, மார்கழி வறண்ட காற்றுக்கு ஒருதடவை என்று கட்டாயம் வரும். பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதை முழுக்க கற்பூரப் புகை. அவர்கள் வீடு பாதையை ஒட்டி இருந்தது. அன்றைக்கு ஜன்னலைச் சாத்தி ஈரத்துணி தொங்கவிடுவான்.

நடுவில் தமிழ்செல்வி போனில் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, டாக்டர் கொடுத்தது ஸ்டீராய்டு, பிள்ளையின் உயிரையே எடுத்துவிடும் என்று ட்யூபைத் தூக்கி எறிந்தாள். அந்த மார்கழியில் ஓவியாவின் கால் இரண்டும் வெடித்து, நடக்கவே முடியாமல் போயிற்று. ஹைமவதி டாக்டர் திட்டவில்லை. "பயப்படறது தப்பில்லம்மா. எதுக்குப் பயப்படணுமோ அதுக்குப் பயப்படுங்க" என்று மட்டும் சொல்லி, எந்த இடத்துக்கு எவ்வளவு என்று விரல் நுனியில் பிதுக்கிக் காட்டினார்.

எல்.கே.ஜி. சேர்த்த முதல் மாசம், மதியம் கொஞ்சம் முன்னதாகப் பள்ளிக்குப் போன குமரேசன் வகுப்பு வாசலில் நின்றுவிட்டான். மற்ற பிள்ளைகள் எல்லாம் பாயில் வட்டமாக உட்கார்ந்திருக்க, ஓவியா மட்டும் தள்ளி ஒரு தனி நாற்காலியில் இருந்தாள். யாரோ ஒரு தாய் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள், இந்தப் பிள்ளை கையைப் பார்த்தால் என் பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளும்போல இருக்கிறது என்று. டீச்சர் கெட்டவர் இல்லை, அவருக்கும் தெரியவில்லை. எடுத்துச் சொன்னதும் முகம் கறுத்து, பிள்ளையைத் தானே கையைப் பிடித்துக் கூட்டிவந்து பாயில் உட்காரவைத்தார். ஆனால் அந்தத் தனி நாற்காலி குமரேசனின் கண்ணைவிட்டுப் போகவில்லை. இந்தப் படை இன்னும் எங்கெல்லாம் இவளுக்கு அப்படி ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறதோ என்று நினைப்பான். அதற்குப் பிறகு வெயில் எத்தனை அடித்தாலும் முழுக்கைச் சட்டைதான் வாங்கினான்.

ஓவியாவுக்கு ஐந்து வயசு நடந்தபோது அந்தச் சித்திரை வந்தது.

சித்திரா பௌர்ணமிக்கு முந்தின வாரமெல்லாம் லாட்ஜ் எதிலும் இடமில்லை. தண்ணீர் கேனுக்கு ஓயாமல் போன் வந்துகொண்டிருந்தது. வெயிலில் ஏற்றி இறக்கி குமரேசனுக்குக் காய்ச்சல் கண்டது. மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டினான். காய்ச்சல் விட்டதும் கீழுதட்டின் ஓரத்தில் கொத்தாகச் சின்னக் கொப்புளம். காய்ச்சல் விட்டதற்கு அடையாளம் என்று வீட்டில் சொன்னார்கள். ஓவியாவுக்கும் அப்போது வேர்வையால் கழுத்திலும் கன்னத்திலும் படை கிளம்பியிருந்தது. இரண்டு வாரத்து வேலை என்று அவன் மனசுக்குள் சொல்லிக்கொண்டு மருந்தை ஆரம்பித்தான். எப்போதும்போல வேலைக்குக் கிளம்பும்போது கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனான்.

பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னதாகப் பிள்ளைக்கு உடம்பு சுட்டது. மறுநாள் கன்னத்திலும் கழுத்திலும் முத்து முத்தாகக் கொப்புளங்கள். பௌர்ணமியன்று கிரிவலம் போவதற்காகக் கீழ்பென்னாத்தூரிலிருந்து குமரேசனின் அக்கா அருணாதேவி வந்திறங்கினாள். செருப்பைக் கழற்றும்போதே பிள்ளையைப் பார்த்துவிட்டாள். வாசற்படியிலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"டேய் குமரேசா, ஆத்தா வந்துகீறாடா! இன்னாடா பார்த்துக்கினு கீறீங்க?"

"எக்ஸிமாதான்க்கா. வேர்வைக்கு..."

"பேசாதே. முத்து போட்டிருக்கறது கண்ணுக்குத் தெரியல? ஊசி மருந்துன்னு ஒண்ணும் கிட்ட வரக்கூடாது. வீட்டுல தாளிக்கக்கூடாது. செல்வி, நீ போய் வேப்பிலை ஒடிச்சுக்கினு வா."

தமிழ்செல்வி குமரேசனைப் பார்த்தாள். அக்காவைத் தடுக்க அவனுக்குத் தைரியம் இல்லை. லாரி பாறையில் உரசியபோது கலங்காதவன், ஆத்தா என்ற சொல்லுக்கு முன்னால் சின்னப் பையன் மாதிரி நின்றான். வாசலில் வேப்பிலைக் கொத்து ஏறியது. பிள்ளையை வேப்பிலை பரப்பிய பழைய வேட்டியில் படுக்கவைத்தார்கள். அருணாதேவி கிரிவலத்தைத் தள்ளிவைத்துவிட்டு, விசிறிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அவள் கண்ணிலும் நீர் நின்றது. அவளுக்கும் இந்தப் பிள்ளை என்றால் உயிர்.

பௌர்ணமி மத்தியானம் குமரேசன் கூடத்தில் சுவரில் சாய்ந்து மகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே பாதையில் ஜனங்கள் போகிற சத்தம், அரோகரா, ஊதல், குழந்தைகளைக் கூப்பிடும் குரல்கள். உள்ளே ஓவியா அசையாமல் கிடந்தாள். முகம் வீங்கி, இமை இரண்டும் கனத்திருந்தன. ஏதோ சரியில்லை என்று தோன்றியது, என்னவென்று பிடிபடவில்லை. வெகுநேரம் பார்த்த பிறகுதான் உறைத்தது.

அவள் சொறியவில்லை.

பிறந்ததிலிருந்து அந்தக் கை சும்மா இருந்து அவன் பார்த்ததே இல்லை. படை கிளம்பிவிட்டால் தூக்கத்தில்கூடத் தேய்க்கும், சுரண்டும், பிடித்து வைத்தால் தாடையால் தோளைத் தேய்ப்பாள். இப்போது இரண்டு கையும் வேப்பிலைமேல் விரிந்து கிடந்தன.

கிட்டே போய் உட்கார்ந்தான். "கண்ணு, அரிக்குதாடா?"

ஓவியா கண்ணைத் திறக்கவில்லை. "வலிக்குதுப்பா" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அரிக்குதா என்று கேட்டதற்கு அவள் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. குமரேசன் வேப்பிலையை விலக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் கழுத்தைப் பார்த்தான். படை இருந்த இடத்தில்தான் கொப்புளம் நெருக்கமாக இருந்தது. உடைந்தவை ஒவ்வொன்றும் ஒரே அளவில், ஆணியால் குத்தி எடுத்த மாதிரி குழி விழுந்திருந்தன. ஒன்று இடது இமையின் ஓரத்தில் இருந்தது. எப்பவும் இருக்கற மாதிரி இல்லாம வேற மாதிரி இருந்தா என்று டாக்டர் சொன்னது காதில் கேட்டது.

"செல்வி, இவளைத் தூக்கணும். கிளம்பு."

அருணாதேவி எழுந்து குறுக்கே நின்றாள். "எங்கடா? ஆத்தாளை ரோட்டுல தூக்கிக்கினு போவியா? கோவிச்சுக்கினா பிள்ளை நமக்கு நிக்காதுடா!"

"தூக்காம இருந்தாலும் நிக்காதுபோல இருக்குக்கா" என்றான். அதைச் சொன்னதும் அவனுக்கே அழுகை வந்துவிட்டது. பிள்ளையை வேட்டியோடு சேர்த்து அள்ளினான். நீயா இருந்தா என்னை மன்னிச்சுடு ஆத்தா, தண்டிக்கணும்னா என்னைத் தண்டி என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே படியிறங்கினான்.

வண்டி வீட்டு வாசலில்தான் நின்றது. எடுத்து என்ன பயன்? கிரிவலப் பாதையில் காலையிலிருந்தே வண்டிகளை விடவில்லை. பாதை முழுக்க தலைகள். நூற்றெட்டுக்கு அடித்ததில், ஆம்புலன்ஸ் பாதையில் மேலே குபேர லிங்கக் கோயில் பக்கத்தில் நிற்கிறது, கூட்டத்தில் உள்ளே வர நேரமாகும், முடிந்தால் எதிரே கொண்டுவாருங்கள் என்றார்கள். குமரேசன் செருப்பில்லாமல் நடந்தான். தார் கொதித்தது. கிரிவலம் போகிறவர்களோடு ஒருவனாக, அவர்கள் போகிற திசையிலேயே, ஆனால் அவர்களை முந்தி முந்தி நடந்தான். தமிழ்செல்வி அவன் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டே ஓடிவந்தாள்.

"கொஞ்சம் வழி விடுங்க... கொஞ்சம் வழி..."

முதலில் யாரும் கேட்கவில்லை. பிறகு ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். வேட்டியில் ஒட்டியிருந்த வேப்பிலையையும் பிள்ளையின் முகத்தையும் பார்த்து, "ஐயோ, அம்மை!" என்று பின்வாங்கினாள். அந்தச் சொல் அவனுக்கு முன்னால் ஓடியது. ஜனங்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்து இடுப்பில் ஒட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். ஒரு வயசான ஆள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். ஒரு பெண்பிள்ளை ஓவியாவைப் பார்த்து, "தாயே" என்று கையெடுத்தாள். பள்ளியில் அவனைக் குத்திய அந்த விலகல் இப்போது வழியாகத் திறந்தது. அவனுக்கு அதில் ஆறுதல் ஒன்றும் இல்லை. இத்தனை பேர் கும்பிடுகிறார்களே, இத்தனை பேர் கண்ணுக்கும் அம்மையாகத் தெரிகிறதே, நான் ஒருத்தன் மட்டும் தப்பாகப் பார்த்துவிட்டேனோ என்று சந்தேகம் வந்தது. நடையை மட்டும் நிறுத்தவில்லை. பிள்ளையின் மூச்சு அவன் கழுத்தில் சூடாக வந்து வந்து போனது. ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்தது வருமா என்று காத்திருந்தான்.

பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர் ஒருவர் தூரத்திலேயே கவனித்துவிட்டு, கயிற்றைத் தூக்கி அவர்களைப் பாதையின் ஓரத்துக்கு இழுத்தார். வாக்கி டாக்கியில் ஏதோ பேசினார். கொஞ்ச நேரத்தில் ஆம்புலன்ஸ் கூட்டத்தைக் கீறிக்கொண்டு எதிரே வந்தது.

ஹைமவதி டாக்டர் அன்று வார்டில்தான் இருந்தார். பிள்ளையின் கழுத்தை விளக்கில் பார்த்ததும் அவர் முகம் மாறியதைக் குமரேசன் பார்த்தான். டாக்டருடைய முகம் மாறி அவன் அதுவரை பார்த்ததில்லை. நர்ஸிடம் வேகமாக என்னவோ சொன்னார். ட்ரிப் ஏறியது. அதற்குப் பிறகுதான் அவர்கள் பக்கம் திரும்பினார்.

"இது நீங்க நெனைக்கற அம்மை இல்லைங்க. எக்ஸிமா மேல வேற ஒரு கிருமி ஏறியிருக்கு. காய்ச்சல் வந்தா உதட்டுல கொப்புளம் வருமே, அந்தக் கிருமி. நம்மளுக்கெல்லாம் உதட்டோட போயிடும். இவளுக்குத் தோல்ல தடுப்பு இல்ல. அதான் படை இருக்கற எடமெல்லாம் பரவிடுச்சு. வீட்ல யாருக்காவது அப்படி..."

அவர் முடிக்கவில்லை. குமரேசனின் கை தன் கீழுதட்டில் காய்ந்துகொண்டிருந்த பொருக்கின்மேல் இருந்தது.

தமிழ்செல்வி அவனைப் பார்த்தாள், உடனே பார்வையை எடுத்துக்கொண்டாள். வார்டில் ஏதோ ஒரு பிள்ளை அழுதது. குமரேசன் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தான்.

டாக்டர் குனிந்து சொன்னார். "உங்களுக்கு எப்படிங்க தெரியும்? யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. நானும்தான் சொல்லல. இப்ப கொண்டுவந்தீங்க இல்ல, அதைப் பாருங்க. இன்னும் ரெண்டு நாள் வேப்பிலையில வெச்சிருந்தா நான் வேற மாதிரி பேசிக்கிட்டிருப்பேன்."

"பொழைச்சுக்குவாளா மேடம்?"

"மருந்து கேக்கும். எனக்கு இப்ப கவலை கண்ணுதான். இமை ஓரத்துல ஒண்ணு இருக்கு. கண்ணுக்குள்ள போயிருக்கான்னு பார்க்கணும்."

கண் டாக்டர் வருவதற்குள் குமரேசன் அனுபவித்ததை அவன் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு வார்டைப் பார்த்தான். கதவு, ட்ரிப் பாட்டில், தமிழ்செல்வியின் முகம். பிறகு இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு பார்த்தான். தன் வாயை எதையாவது வைத்துத் தேய்த்து எடுத்துவிட முடியாதா என்று இருந்தது. வராண்டாக் குழாயில் போய் உதட்டைக் கழுவினான், மறுபடி கழுவினான். பொருக்கு பிய்ந்து ரத்தம் வந்தபிறகும் கழுவினான்.

கண் டாக்டர் சின்ன வயசுப் பெண். ஓவியாவின் கண்ணில் மஞ்சளாக ஒரு சொட்டு விட்டு, நீல விளக்கை அடித்து, வெகுநேரம் குனிந்து பார்த்தார். ஓவியா வலியில் முனகினாள். டாக்டர் நிமிர்ந்து, "உள்ளே போகல. கண்ணு நல்லா இருக்கு" என்றார். தமிழ்செல்வி அவர் காலைத் தொடப் போனாள். அவர் பதறி விலகினார்.

காய்ச்சல் அடுத்தடுத்த நாளில் இறங்கியது. குழிகள் வறண்டு பொருக்குத் தட்டின. ஒரு காலையில் தமிழ்செல்வி இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது ஓவியா கையை எடுத்து முழங்காலைப் பரக் பரக்கென்று தேய்த்தாள். "அம்மா, அரிக்குது" என்று சிணுங்கினாள். தமிழ்செல்வி இட்லித் தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அருணாதேவி வார்டு வாசல்வரை வந்தாள், உள்ளே வரவில்லை. கையில் ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் விபூதிப் பொட்டலம். குமரேசன் வெளியே போனான்.

"நான் சொன்னதை நீ கேட்டிருந்தீன்னா..." என்று ஆரம்பித்தவள் பொட்டலத்தை அவன் கையில் திணித்தாள்.

"உனக்கும் பயம்தானேக்கா" என்றான் குமரேசன். "எனக்கும் பயம்தான். உள்ளே வா, உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா."

வீட்டுக்கு வந்தபிறகு கறுப்புத் தழும்புகள் நாளாக நாளாக மங்கின. இமை ஓரத்தில் மட்டும் அரிசி நுனி அளவுக்கு ஒரு குழி தங்கிவிட்டது. குமரேசன் மகளுக்கு முத்தம் கொடுப்பதை நிறுத்தினான். காலையில் வண்டிக் கண்ணாடியில் உதட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பான். ஒன்றும் இல்லை என்று தெரிந்தாலும், தலையைத் தடவிவிட்டுக் கிளம்பிவிடுவான். ஓவியா கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். பிறகு காட்டுவதை விட்டுவிட்டாள்.

தமிழ்செல்விதான் ஒருநாள் சண்டைக்கு வந்தாள். "கொப்புளம் இருக்கும்போது கிட்ட வராதீங்கன்னுதானே மேடம் சொன்னாங்க? ஆயுசுக்கும் வேணாம்னா சொன்னாங்க? அவ என்னைக் கேக்கறா, அப்பாவுக்கு என் மூஞ்சி புடிக்கலையான்னு."

குமரேசன் வெளியே போய் வண்டியைத் துடைத்தான். துடைத்ததையே துடைத்தான். அதன்பிறகு உள்ளே வந்து, தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையின் உள்ளங்காலில் முத்தம் கொடுத்தான். கன்னம்வரை வர அவனுக்கு மழைக்காலம் ஆயிற்று.

இப்போது ஓவியாவுக்கு எட்டு வயசு. படை இன்னும் வருகிறது. வருகிற இடைவெளி நீண்டிருக்கிறது, வந்தால் இருக்கிற நாள் குறைந்திருக்கிறது. குளித்ததும் க்ரீமைத் தானே பூசிக்கொள்கிறாள். முதுகுக்கு மட்டும் அம்மாவைக் கூப்பிடுகிறாள். போன தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் குமரேசன், "மொத்தமா எப்ப மேடம் போகும்?" என்று கேட்டான். டாக்டர் சிரித்துக்கொண்டு, "இன்னும் தேதி சொல்ல எனக்குத் தெரியலைங்க" என்றார்.

இந்த வைகாசியில் அருணாதேவியின் மகள் பூஜாவுக்குக் கீழ்பென்னாத்தூர் மண்டபத்தில் கல்யாணம். ஓவியா கையில்லாத மஞ்சள் கவுன்தான் வேண்டும் என்று கடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். குமரேசன் முழுக்கை வைத்ததை எடுத்து எடுத்துக் காட்டினான். அவள் அசையவில்லை. தமிழ்செல்வி மஞ்சளையே பில் போடச் சொன்னாள்.

மண்டபத்து வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த இடத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி ஓவியாவின் கையைப் பிடித்து, முழங்கை மடிப்பில் இருந்த கறுப்பைப் பார்த்தாள். "இன்னாமா இது கையில?" பின்னால் வந்துகொண்டிருந்த குமரேசன் நடையை எட்டிப் போட்டான். முன்னால் போய்ப் பதில் சொல்ல வாயெடுத்தான்.

"எக்ஸிமா" என்றாள் ஓவியா. "வரும், போகும். யாருக்கும் ஒட்டாது. ஐஸ்கிரீம் எந்தப் பக்கம் ஆன்ட்டி?"

அந்தப் பெண் சிரித்துக்கொண்டு பந்திப் பக்கம் கையைக் காட்டினாள். ஓவியா ஓடினாள். குமரேசன் வாசலிலேயே நின்று, அந்தக் கூட்டத்துக்குள் மஞ்சள் கவுன் எங்கே போகிறது, யார் யார் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டிருந்தான். முக்கால்வாசிப் பேர் பார்க்கவில்லை. ஒன்றிரண்டு பேர் பார்த்தார்கள்.